இன்னும் வரலை

நான்கு, ஏழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, எட்டு. போன் மேசைமேல் உறுமி டேப் சுருளில் இடித்து நின்றது, ஆறு எண்ணையும் பார்த்துவிட்டேன், பார்த்துக்கொண்டே "இன்னும் வரலையே" என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் பெண்டாட்டி சுகந்தியின் குரல் அறை முழுக்க இருந்தது, அவளுக்குப் பின்னால் கரண்டிகள் தட்டில் படுகிற சத்தமும், யாரோ மைக்கை ஊதிப் பார்க்கிற சத்தமும். "வரலீங்களா? இங்க ஓடிபி அனுப்பியாச்சுன்னு காட்டுதே" என்றாள். "வரல" என்றேன் மறுபடி, இந்தத் தடவை இன்னும் இயல்பாக. "செரி, அங்க டவர் இல்லையாட்ட இருக்குது. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் மறுக்கா அனுப்ப விடுமாம். அனுப்பிட்டுக் கூப்பிடறேனுங்க" என்று வைத்துவிட்டாள். அவள் வைத்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மணி மூன்று பன்னிரண்டு. சொல்வதற்கு ஒரு நொடி முன்னால்கூடச் சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, தும்மல் வருகிற மாதிரி வந்தது, ஆனால் இரண்டாம் தடவை சொன்னது தும்மல் இல்லையே, இரண்டாம் தடவை நிதானமாக, டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னேன். நுனி கிடைத்தது. இழுத்தேன். வாஷிங் மெஷின் கவர், நீலக் கட்டம், நாக்பூர். ஒட்டினேன். அடுத்தது மிக்ஸி கவர், ஸ்ட்ராபெரி போட்டது, குண்டூர். அவளுடைய ஆர்டர்கள் அறுபத்தொன்று, என்னுடையவை இரண்டு, நான்கரை மணிக்குப் பிக்கப் வண்டி வந்துவிடும், அதற்குள் எல்லாவற்றையும் நான் கட்டிவைக்க வேண்டும், ஏனென்றால் அவள் இன்று அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

நாங்கள் பொருள் விற்கிற அந்த ஆன்லைன் கம்பெனிதான் கூட்டம் போட்டிருந்தது. நன்றாக விற்கிறவர்களுக்கு மட்டும் அழைப்பு. காலையில் மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று "இது போதுங்களா, இல்ல ஓவரா இருக்குதா?" என்று கேட்டாள், நான் லேபிள் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே "கூட்டத்துக்குத்தான போற" என்றேன், அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். பதினொரு மணிக்கு ஒரு போட்டோ அனுப்பினாள், கழுத்தில் நாடாவில் தொங்குகிற அட்டை, அதில் கே. சுகந்தி, கவர் ஹவுஸ், டாப் செல்லர் என்று ஆங்கிலத்தில். கே என்பது நான். குழந்தைவேல். அந்த மண்டபத்துக்குள் நான் ஒற்றை எழுத்தாகப் போயிருக்கிறேன். அங்கே வைத்துத்தான் இந்தச் சலுகையைச் சொல்லியிருக்கிறார்கள், முந்நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள துணிச் சாமான்களுக்குக் கமிஷன் இல்லை என்பது போன வருஷமே வந்துவிட்டது, இப்போது அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும் ஐந்நூறு வரைக்கும் கமிஷன் இல்லை, அடுத்த மார்ச் வரை, இன்று நான்கு மணிக்குள் சம்மதம் கொடுத்தால். கொடுக்காவிட்டால் முந்நூறுக்கு மேலே உள்ளதற்குக் கமிஷன் பதினெட்டு சதவீதமாக ஏறும். அவளுடைய வாஷிங் மெஷின் கவர் நானூற்று நாற்பத்தொன்பது. அவள் வியாபாரத்தில் பாதி அதுதான். அதை நம்பித்தான் துணிக்குச் சொல்லியிருக்கிறாள், அதை நம்பித்தான் தைக்க இன்னும் இரண்டு பெண்களை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாள். சம்மதத்துக்கு ஓடிபி வேண்டும். ஓடிபி என் போனுக்குத்தான் வரும், ஏனென்றால் நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கணக்கைத் திறந்தபோது அவள் நம்பர் அவளுடைய அண்ணன் பெயரில் இருந்தது, "என் நம்பரப் போட்டுக்கோ, என்னத்த வந்துரப் போவுது" என்று நான்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன், மிக்ஸிக்குச் சட்டை போட்டு யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஃபேன் போட முடியாது, லேபிள் பறக்கும். கோயம்புத்தூர் கணபதியில் மே மாதம் மூன்று மணிக்கு ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்கி முதுகுத்தண்டு வழியாகப் போவது தெரியும். பக்கத்து லேத் பட்டறையில் இரும்பு சீவுகிறார்கள். இந்தக் கவர் துணிக்கு ஒரு வாடை உண்டு, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி, அரைமணி நேரத்தில் நெற்றிப் பொட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் கப்ளர்களுக்கு வாடையே கிடையாது. மிக்ஸி மோட்டாருக்கும் ஜாருக்கும் நடுவில் கறுப்பாக ஒரு ரப்பர் இருக்கிறதே அதுதான் கப்ளர், அது தேய்ந்தால் மோட்டார் சுற்றும், ஜார் சுற்றாது, இட்லிக்குச் சட்னி இல்லாமல் ஒரு வீடே நிற்கும், அவ்வளவு அவசியமான சாமான். அதைத்தான் நான் விற்றேன். கப்ளர், வாஷர், ஜார் மூடி. ஒரு நாளைக்கு நூறு போன காலம் உண்டு. அப்போது சுகந்தி இதே இடத்தில் இதே மாதிரி உட்கார்ந்து என் ஆர்டர்களைக் கட்டினாள், நான் நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருப்பேன், பேச ஆள் இல்லாதபோதும் நின்றுகொண்டுதான் இருப்பேன். இரண்டு கணக்கும் என் போனில்தான் இருக்கிறது. எது யாருக்கு வந்த ஆர்டர் என்று தெரிய வேண்டும் என்பதற்காக வேறு வேறு மணி வைத்திருக்கிறேன், அவளுக்கு டிங், எனக்கு ஒரு புல்லாங்குழல். டிங் டிங் என்று நாள் முழுக்க. முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது புல்லாங்குழல் கேட்டது, பக்கத்து வீட்டில் யாருக்கோ போன் வருகிறது என்று நினைத்தேன். சுகந்திதான் சொன்னாள், "உங்களதுங்க, உங்களது" என்று, கையில் ரசக் கரண்டியோடு, அவ்வளவு சந்தோஷமாக. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வருஷம் கம்பெனி அனுப்பிய கமிஷன் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வீட்டுத் துணிச் சாமான்கள், முந்நூறுக்குக் கீழே, கமிஷன் இல்லை. அதற்குக் கீழேயே, சமையல் கருவி உதிரி பாகங்கள், கமிஷன் ஒன்பதிலிருந்து பதினைந்து சதவீதமாக ஏறுகிறது. யாரோ ஒருவன் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரே நிமிஷத்தில் இரண்டையும் தட்டியிருப்பான், ஒரே வீட்டுக்குள் புருஷன் ஒரு வரியிலும் பெண்டாட்டி அடுத்த வரியிலும் இருப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும். ஆறு சதவீதத்தைச் சமாளிக்க விலையை ஏற்றினேன், ஏற்றியதும் என் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் உங்கள் விலை போட்டியிடும் நிலையில் இல்லை என்று வந்தது, இறக்கினேன், இறக்கினால் டெல்லிக்காரன் இன்னும் ஒரு ரூபாய் இறக்கினான், இன்னும் இறக்கினேன், ஒரு கட்டத்தில் கப்ளரைச் சும்மா கொடுத்துவிட்டு அட்டைப் பெட்டிக்கு மட்டும் காசு வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. இதையெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் டெல்லிக்காரன்மேல் எனக்கு எரிச்சல் வரவே இல்லை. அவன் முகம் தெரியாது, அவன் எக்கேடோ கெடட்டும். எனக்கு எரிந்தது இங்கே, இந்த அறையில், ஸ்ட்ராபெரிப் படம் போட்ட துணியைப் பார்த்து. ஒரே அடுப்பு, ஒரே சோறு, அவளுக்கு வருகிறதுதான் எனக்கும், இது எனக்குத் தெரியாதா. தெரிந்தும் அவளுடைய பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களை நான் தேடிப் போய்ப் படித்திருக்கிறேன். வாரங்கலில் ஒருவர், கலர் போட்டோவில் உள்ள மாதிரி இல்லை, ஏமாற்று என்று எழுதியிருந்தார். நாலு தடவை படித்தேன். நெஞ்சுக்குள் மோர் குடித்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இந்த விமர்சனம் உங்களுக்கு உதவியாக இருந்ததா என்று கேட்டிருந்தது, ஆம் என்று அமுக்கினேன். இன்னும் அங்கேயே இருக்கிறது, இருபத்து மூன்று பேருக்கு உதவியாக இருந்தது என்று. அந்த இருபத்து மூன்றில் ஒருவன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்று இருபத்து மூன்றுக்கு மறுபடி உறுமியது. எட்டு, எட்டு, இரண்டு, ஐந்து, ஒன்பது, ஒன்று. உடனே அவள் அழைப்பு. "இப்ப வந்துருச்சுங்களா?" நான் கொஞ்சம் தாமதித்தேன், பார்க்கிற மாதிரி, மெசேஜ் பெட்டியைத் திறந்து பார்க்கிறவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வானோ அவ்வளவு நேரம். "இல்லையே." "ஏனுங்க, மொட்டமாடிக்குப் போய்ப் பாருங்களேன், அங்க நல்லா எடுக்கும்." "செரி, போறேன்." போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் படியேறிப் போனேன், பொய்க்குக் காலும் நடக்க வேண்டும் போலிருந்தது. மாடியில் வெயில் வெள்ளையாக நின்றது. டவர் கோடுகள் நாலும் முழுசாக. கைப்பிடிச் சுவரைத் தொட்டேன், சுட்டது. கீழே எதிர்வீட்டில் ஒருவர் ஸ்கூட்டருக்கு ஈரத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அவருக்கு நான் யார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சுகந்தியின் அண்ணன் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள இப்ப தங்கச்சிக்கு பாக்கிங்ல ஒத்தாசையா இருக்கீங்களாமா, நல்லதுங்க" என்றார். அவர் நல்ல மனிதர், குத்திக் காட்டத் தெரியாதவர், நல்லதுங்க என்று சொன்னது நிஜமாகவே நல்லது என்று நினைத்துத்தான். இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னேன். மூன்று முப்பத்து நாலுக்கு அடுத்தது அனுப்புவாள். நாலு மணி ஆகிவிட்டால் முடிந்தது. அப்புறம் பதினெட்டு சதவீதம், அப்புறம் அவளும் விலையை ஏற்றுவாள், சிவப்பு எழுத்து வரும், இறக்குவாள், டிங் குறையும், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிங் கேட்டு யாருக்கோ போன் என்று அவளும் நினைப்பாள். அப்போது நான் "உன்னதுதான்" என்று சொல்லலாம். ரசக் கரண்டியோடு. அதை நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது, நிம்மதி வந்ததும் பயமாக இருந்தது, கீழே இறங்கிவிட்டேன்.

நிரஞ்சன் மட்டும் இல்லாமல் இருந்தால் எனக்கு இவ்வளவு ஆகியிருக்காதோ என்னவோ. பெங்களூரிலிருந்து பேசுகிறவன், அவள் கணக்கைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி போட்டிருக்கிற மேனேஜர், இவ்வளவு விற்றால்தான் மேனேஜர் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவன் போன் வரும். அவள் துணி துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். "அப்பிடீங்களா", "அச்சச்சோ", அப்புறம் சிரிப்பு. என் கணக்குக்கு நான் போன் போட்டால் ஒரு பதிவு செய்த பொம்பளைக் குரல் இந்தியில் ஒன்றை அமுக்கு இரண்டை அமுக்கு என்கிறது. நான் அவனுடைய போட்டோவைத் தேடிப் பார்த்தேன், ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சின்ன வயசு, பல்லு வெளியே தெரியச் சிரிக்கிறான். சந்தேகப்பட முயற்சி செய்தேன். நிஜமாகவே முயற்சி செய்தேன். புருஷன் சந்தேகப்பட்டால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஊர் நாலு விதமாகப் பேசினாலும் இன்னது என்று புரிந்துகொள்ளும், சண்டை போடலாம், அவள் அழலாம், சமாதானம் ஆகலாம். ஆனால் அந்தக் கல்மேல் உட்கார்ந்து அவள் சிரிக்கும்போது அவன் அவளிடம் என்ன பேசுகிறான் என்று நான் யோசிக்கவில்லை, அவன் ஏன் என்னிடம் பேசவில்லை என்றுதான் யோசித்தேன். என்னுடைய கப்ளரைப் பற்றி ஒருவன் செவ்வாய்க்கிழமை தவறாமல் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பெண்டாட்டிமேல் சந்தேகம் இல்லை, பெண்டாட்டிக்கு வருகிற போன்மேல் பொறாமை. இதை எந்த மனுஷனிடம் போய்ச் சொல்வது. காஜிப்பேட்டை, மிக்ஸி கவர், பச்சைப் பூ. ஒட்டினேன். கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்து நாலு ஆகிவிட்டது. அவள் எப்படி மடிப்பாளோ அப்படித்தான் நானும் மடித்தேன், மூலையை உள்ளே தள்ளி, பூ வெளியே தெரிகிற மாதிரி, பிரிக்கிறவர்கள் முதலில் பூவைத்தான் பார்க்க வேண்டுமாம். அதை நான் மாற்றி மடிக்கவில்லை. அது ஒரு பெருமையா.

மூன்று முப்பத்தெட்டுக்குத் தெரியாத நம்பர் ஒன்று கூப்பிட்டது. "சார், வணக்கம், நான் நிரஞ்சன் பேசறேன்." போட்டோவைவிடக் குரல் தடிமன். நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் நின்றேன், அவன் பார்க்கவா போகிறான். "சொல்லுங்க" என்றேன். "மேடம் பக்கத்துலதான் இருக்காங்க சார். ரெண்டு தடவை ஓடிபி போயிருக்கு. மூணாவதுதான் லாஸ்ட் சார், அதுவும் மிஸ் ஆச்சுன்னா சிஸ்டம் லாக் ஆயிடும், நாளைக்குத்தான் ஓபன் ஆகும். நாலு மணிக்கு ஆஃபர் க்ளோஸ். ஒரு தடவை போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு ரெடியா இருக்கீங்களா?" "செரிங்க." "தேங்க்ஸ் சார். அப்புறம் சார், மேடம் உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க. லிஸ்டிங் போடறதுல இருந்து பேக்கிங் வரைக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே. இன்னிக்கு மேடையில பேசும்போது அதைத்தான் முதல்ல சொல்லணும்னு எழுதி வெச்சிருக்காங்க." "சார்?" "இருக்கேன்." "ஓகே சார், டென் ஃபிஃப்டீன் மினிட்ஸ்ல அனுப்பறோம்." வைத்துவிட்டான். உட்கார்ந்தேன். நான் இளகியிருக்க வேண்டும், கதையாக இருந்தால் இளகியிருப்பேன். எனக்கு வந்தது என்னவென்றால், அவள் மேடையில் நின்று என் பேரைச் சொல்வாள், முந்நூறு பேர் கை தட்டுவார்கள், அந்தக் கைத்தட்டலும் அவளுக்குத்தான். நன்றி சொல்லக் கூட உயரமாக நின்றால்தான் முடியும். கீழே நிற்கிறவன் யாருக்கு நன்றி சொல்லி யார் கேட்கிறார்கள். போனை அணைத்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் மூக்கும் ட்யூப்லைட்டும் தெரிந்தன. அப்படியே அணைத்து வைத்துவிட்டால் பொய்யே சொல்ல வேண்டாம், போன் செத்துவிட்டது, சார்ஜ் இல்லை, யார் கேட்பது. ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன், பதினேழில் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

மூன்று ஐம்பத்து மூன்று. ஆறு, பூஜ்யம், மூன்று, மூன்று, ஏழு, இரண்டு. அதற்குப் பின்னாலேயே அவள். இந்த முறை வந்ததா என்று அவள் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, வேகமாக நடந்து வந்த மூச்சு, கதவு சாத்துகிற சத்தம், வராந்தாவுக்கு வந்திருப்பாள். கதவைத் தாண்டி மைக் சத்தம் மங்கலாக வந்தது, ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, "கவர் ஹவுஸ், சுகந்தி, கோயம்புத்தூர், ப்ளீஸ் கம் ஆன் ஸ்டேஜ்" என்றார். கை தட்டினார்கள். "உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்றேன். "கேக்குதுங்க." "போ." "இது முடியட்டும்." கைத்தட்டல் நீண்டு, தளர்ந்து, ஆள் வராதபோது தளருமே அப்படித் தளர்ந்து நின்றது. மறுபடி அவள் பெயர். அவள் போகவில்லை. மூச்சு மட்டும். நான் அந்த ஆறு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, மைக்கில் அடுத்த பெயரைச் சொல்லிவிட்டார்கள், திருப்பூரில் யாரோ. எது என்னைச் சொல்ல வைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, இவள் இன்னும் ஒன்றும் கேட்காமல் நிற்கிறாளே, ஏன் வரலை என்று ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டால்கூட நான் வரல என்று சொல்லிவிடுவேனே, கேட்கமாட்டேன் என்கிறாளே என்பதுதான். "ஆறு" என்றேன். "பூஜ்யம். ரெண்டு மூணு. ஏழு. ரெண்டு." "ரெண்டு மூணுன்னா, மூணு ரெண்டு தடவையா?" "ஆமா, மூணு, மூணு." அவள் அமுக்குகிற சின்னச் சத்தம். "ஆயிருச்சு" என்றாள். மூன்று ஐம்பத்தைந்து. வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள்.

பிக்கப் வண்டிக்காரர் நாலரைக்கு வந்து மூட்டைகளை எண்ணி ஸ்கேன் செய்து ஏற்றினார். கடைசியாக என் இரண்டு பொட்டலங்களையும் கையில் வைத்துக்கொண்டு, "இது வேற அக்கவுண்டாண்ணா? ரெண்டுதானா?" என்றார். ரெண்டுதான் என்றேன். அவர் போனதும் ஃபேனைப் போட்டுத் தரையில் மல்லாந்தேன். நாலே முக்காலுக்குச் சுகந்தி கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஹாரன்கள், வெளியே வந்துவிட்டாள் போல. புளி என்ன விலை என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள், "மொதத் தடவையே வந்துருச்சு, இல்லைங்களா?" ஃபேனைப் பார்த்தேன். "ம்" என்றேன். "நிரஞ்சன் சிஸ்டத்துல பாத்தாருங்க. மூணும் உங்க போனுக்கு வந்து சேந்துதுன்னு காட்டுதாம். அது பழைய போனு, மெசேஜ் நின்னு நின்னுதான் வரும்னு சொல்லிட்டேன். மேடையில போட்டோ எடுக்கல. கடைசில ஒரு ரூம்ல கூப்பிட்டு ஷீல்டைக் கையில குடுத்தாங்க." ஒரு பஸ் உறுமிப் போகும்வரை காத்திருந்துவிட்டு அவளே சொன்னாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். அஞ்சு வருசம் இருக்கும். ஓசூர்ல மிக்ஸி சர்வீஸ் கடை நாலஞ்சு வெச்சிருக்கறவரு உங்க கணக்குல மெசேஜ் போட்டிருந்தாருங்க. மாசாமாசம் இருநூறு கப்ளர் வேணும், உங்க நம்பர் குடுங்கன்னு. நாந்தான் அழிச்சேன்." எழுந்து உட்கார்ந்தேன். "எதுக்கு?" "அன்னிக்கு எங்க சித்தப்பா வந்திருந்தாரில்ல. இவ சும்மாதான இருக்கா, பொழுது போகட்டும்னு பாக்கிங்ல உக்கார வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. காலைல அஞ்சுல இருந்து நூத்திப் பத்து பொட்டலம் கட்டியிருந்தேன் நானு." "நான் அப்படியா சொன்னேன்?" "சொன்னீங்க." நினைவில் தேடினேன். சித்தப்பா வந்தது, தலையில் கைக்குட்டை கட்டியிருந்தது, காபி குடித்தது எல்லாம் வந்தது, நான் சொன்னது மட்டும் வரவில்லை. "அதுக்கப்புறம் ஒரு மாசம் தூக்கமில்ல எனக்கு. சொல்லீரலாம்னு வாய் வரைக்கும் வரும். செரி, ஆறு மணிக்கு டெக்ஸ்டூல் ஸ்டாப்புக்கு வந்துருங்க. இதைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியாது, கனமா இருக்குது."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் ஓசூர்க்காரரைப் பற்றி யோசிப்பேன் என்று நினைத்தேன், மாதம் இருநூறு என்றால் ஐந்து வருஷத்தில் நான் எங்கே இருந்திருப்பேன் என்று. யோசித்தது வேறு. ஐந்து வருஷம் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள், முகத்தில் ஒரு கோடு தெரியாமல், எனக்குச் சோறு போட்டு, என் பொட்டலம் கட்டி. நான் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இதிலும் அவள்தான் பெரிய ஆள். சிக்னலில் நின்றபோது அது நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன், பக்கத்து பைக்குக்காரர் திரும்பிப் பார்த்தார். மனசு லேசாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை. அவள் அழித்ததற்கு நான் கோபப்படலாம், நான் மறைத்ததற்கு அவள் கோபப்படலாம், இரண்டு கோபமும் ஒரே வாசலில் வந்து நிற்கிற மாதிரி, யார் முதலில் நுழைவது என்று தெரியாமல் நின்றது. ஸ்டாப்புக்கு எதிர்ப்புறம் வந்து வண்டியை அணைத்தேன், ரோட்டைத் தாண்ட பஸ்கள் விடவில்லை. அங்கே அவள் தெரிந்தாள். மாம்பழக் கலர் வெயிலில் இன்னும் பளிச்சென்று இருந்தது. நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. துணிப்பையிலிருந்து ஷீல்டை வெளியே எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், எழுத்தை விரலால் தடவிப் படித்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடது கையில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வலது கையில் போனை நீட்டித் தன்னைத்தானே படம் எடுக்கப் பார்த்தாள். ஷீல்டு வந்தால் முகம் வரவில்லை போல, முகம் வந்தால் ஷீல்டு வரவில்லை, கை வலித்து அதை பெஞ்சில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது, அது ஒன்றும் அணையவில்லை. இரண்டு பஸ் போக விட்டு ரோட்டைத் தாண்டினேன். என்னைப் பார்த்ததும் சட்டென்று ஷீல்டைப் பைக்குள் தள்ளப் போனாள். "உள்ள வைக்காத" என்றேன். "போனைக் குடு." கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். நாலடி பின்னால் போனேன். "சித்த மேல தூக்கு. இன்னும். நேராப் பாரு." பார்த்தாள். ஒன்றுக்கு ஐந்தாக எடுத்தேன், ஒன்றாவது சரியில்லாமல் வந்து தொலைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்தும் நன்றாக வந்திருந்தது.